மஃப்டியில் இருக்கும்போது சல்யூட் அடிக்கலாமா? அமெரிக்க விதி இதுதான்

அமெரிக்காவில் பேஸ்பால் மேட்ச் தொடங்கும் முன் தேசிய கீதம் பாடுவார்கள். சுற்றியிருக்கும் எல்லோரும் நெஞ்சில் கை வைத்து நிற்க, ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் போட்ட ஒருவர் மட்டும் விறைப்பாக நின்று சல்யூட் அடிப்பதைப் பார்க்கலாம். சீருடையே இல்லையே, இது தப்பில்லையா என்று பலருக்கும் தோன்றும். தப்பில்லை. அவர் படையில் பணியாற்றுகிறவராகவோ முன்னாள் படைவீரராகவோ இருந்தால் சட்டமே அந்த உரிமையைக் கொடுக்கிறது.

2008-க்கு முன்பு நிலைமை வேறு. சீருடையில் இருப்பவர் சல்யூட் அடிக்க வேண்டும், மற்றவர்கள் நெஞ்சில் கை வைக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. முன்னாள் வீரர் சங்கங்களில் இருப்பவர்கள் மட்டும், சங்கத்தின் அதிகாரபூர்வத் தொப்பியைப் போட்டிருக்கும்போது சல்யூட் அடிப்பதை வழக்கமாக வைத்திருந்தார்கள். தொப்பி இல்லாத நாளில் அதே மனிதர் கையை நெஞ்சுக்குக் கொண்டுபோக வேண்டும். போர்முனையைப் பார்த்துவிட்டு வந்தவரின் மரியாதையை ஒரு தொப்பி தீர்மானிப்பது நியாயமே இல்லை என்பது என் கருத்து. ஓக்லஹோமா செனட்டர் ஜேம்ஸ் இன்ஹோஃப், தானும் ராணுவத்தில் இருந்தவர், இதை மாற்ற முயற்சி எடுத்தார். 2008 ஜனவரி 28 அன்று கையெழுத்தான பாதுகாப்புத்துறைச் சட்டத்தில் இது சேர்ந்தது, ஆனால் அதில் கொடிக்கான மரியாதை மட்டுமே இருந்தது, தேசிய கீதம் விட்டுப்போயிருந்தது. அதே ஆண்டு அக்டோபர் 14 அன்று வந்த அடுத்த சட்டம் கீதத்தையும் சேர்த்துக்கொண்டது.

சரி, எப்போதெல்லாம் அடிக்கலாம்? கொடி ஏற்றும்போது, இறக்கும்போது, அணிவகுப்பில் கொடி நம்மைக் கடந்து போகும்போது. தேசிய கீதம் என்றால் முதல் ஸ்வரத்தில் கையை உயர்த்தி கடைசி ஸ்வரம் வரை அப்படியே வைத்திருக்க வேண்டும், பாதியில் இறக்கக் கூடாது. அந்த இடத்தில் கொடியே இல்லையென்றால் இசை வரும் திசையைப் பார்த்து, கொடி அங்கே இருப்பதாகவே நினைத்து நிற்க வேண்டும். கொடிக்கு விசுவாச உறுதிமொழி சொல்லும்போதும் இப்போது இந்த அனுமதி உண்டு.

இதில் முக்கியமான விஷயம், சீருடை இல்லாதவருக்கு இது அனுமதி மட்டும்தான், கட்டாயம் இல்லை. ஒரு முன்னாள் வீரர் சல்யூட் அடிக்காமல் நெஞ்சில் கை வைத்தால் அதுவும் முழு மரியாதையே. அவரைப் பார்த்து "நீங்கள் ஏன் அடிக்கவில்லை" என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை. கொடி மரியாதை பற்றிய இந்த நடைமுறைகளை மீறும் பொதுமக்களுக்குச் சட்டத்தில் தண்டனையும் கிடையாது.

முன்னாள் வீரர் என்றால் இருபது வருடம் பணியாற்றி ஓய்வூதியம் வாங்குகிறவர் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. முழுநேரப் படைப்பணியில் இருந்துவிட்டு, அவமதிப்பான முறையில் வெளியேற்றப்படாமல் வந்தவர்கள் இதில் வருவார்கள். கட்டாய ராணுவச் சேவையில் இரண்டே வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவரும் அப்படித்தான்.

இதுவரை சொன்னது கொடிக்கும் கீதத்துக்கும் உரியது. ஒரு அதிகாரிக்கு இன்னொருவர் அடிக்கும் சல்யூட் தனிக் கதை, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தரைப்படையில் இருவரில் ஒருவர் மஃப்டியில் இருந்தாலே சல்யூட் கட்டாயமில்லை. கடையில் மேலதிகாரியைப் பார்த்தால் "குட் மார்னிங் சார்" போதும். கடற்படையிலும் மரைன் படையிலும் தலையில் தொப்பி இல்லாமல் சல்யூட் அடிப்பதில்லை என்பது நெடுநாள் மரபு. ஆனாலும் 2008 சட்டம் எந்தப் படையில் இருந்தவர் என்று பிரித்துப் பார்க்கவில்லை, அதனால் பழைய மரைன் ஒருவர் மஃப்டியில் வெறுந்தலையோடு கொடிக்கு சல்யூட் அடித்தால் சட்டப்படி சரியே, மரபுப்படி அவர் மனது ஒப்ப வேண்டும்.

அப்புறம், கோட் சூட்டில் இருக்கும் அதிபர் ஹெலிகாப்டரில் இருந்து இறங்கும்போது மரைன் வீரருக்கு பதில் சல்யூட் அடிப்பதை டிவியில் பார்த்திருப்பீர்கள். அதிபர் படைகளின் தலைமைத் தளபதி என்றாலும் அவர் ஒரு சிவிலியன், பதில் சல்யூட் அடிக்கச் சொல்லி எந்த விதியும் இல்லை. 1981-ல் பதவிக்கு வந்த ரீகன் காலத்தில் அது வழக்கமாகி, பின்னால் வந்தவர்களும் தொடர்ந்தார்கள்.

படையில் இல்லாதவர்களுக்கு விதி எளிது: கொடியைப் பார்த்து நின்று, வலது கையை நெஞ்சில் வைக்க வேண்டும். ஆண்கள் தொப்பி போட்டிருந்தால் வலது கையால் கழற்றி, கை நெஞ்சின் மேல் வரும்படி இடது தோளருகே பிடிக்க வேண்டும். படைவீரரின் மனைவி, கணவர், பிள்ளைகளுக்கும் இதேதான், குடும்பத்தில் ஒருவர் படையில் இருப்பதால் மற்றவர்களுக்கு சல்யூட் உரிமை வந்துவிடாது. விசாவிலோ கிரீன் கார்டிலோ இருக்கும் நம்மவர்களைப் பொறுத்தவரை, கொடி ஏற்றும்போது வேறு நாட்டுக் குடிமக்கள் விறைப்பாக நின்றாலே போதும் என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது, நெஞ்சில் கை வைக்க வேண்டியதில்லை.