செம்பைக் கீறாமல் வயர் சீவுவது

போன வருஷம் பள்ளத்தூரில் சித்தப்பா வீட்டு வளவில் ஒரு ஃபேன் ஓடும், நிற்கும். ஸ்விட்சைத் தட்டினால் மறுபடி ஓடும். கெப்பாசிட்டரை மாற்றியாயிற்று, ரெகுலேட்டரை மாற்றியாயிற்று. கடைசியில் வயர்மேன் அண்ணன் போர்டைக் கழற்றி ஒரு வயரை விரலால் லேசாக ஆட்டினார். ஸ்க்ரூவுக்குப் பக்கத்தில், இன்சுலேஷன் என்கிற மேல்தோல் முடிகிற விளிம்பிலேயே, அது ஒடிந்து கையோடு வந்தது.

"கட்டிங் பிளேயர்ல சீவியிருக்காங்க தம்பி" என்று முனையை என் கையில் வைத்தார். ஒற்றைக் கம்பி வயர். ஒடிந்த முகத்தில் பாதி கறுத்துக் கிடந்தது, பாதி புதுச்செம்பாகப் பளபளத்தது. கறுத்த பாதி எப்போதோ விட்டுப்போனது. மீதிதான் இத்தனை நாள் ஃபேனை ஓட்டியிருக்கிறது.

ஷாம்பூ பாக்கெட்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும், பார்த்திருப்பீர்கள். அங்கே பிடித்து இழுத்தால் சர்ரென்று கிழியும். வெட்டு இல்லாத இடத்தில் பல்லால்தான் போராட வேண்டும். இழுக்கும் விசை பாக்கெட் முழுக்கப் பரவாமல் வெட்டின் நுனியில் வந்து குவிகிறது. வயரின் தோலை மட்டும் உரித்தெடுக்கிற கருவியான வயர் ஸ்ட்ரிப்பருக்கும் இதுதான் சூத்திரம். பிளேடு இன்சுலேஷனை முழுசாக வெட்ட வேண்டியதே இல்லை. முக்கால்வாசிக்கு மேல் சுற்றிலும் இறங்கினால் போதும், மீதி மெல்லிய படலம் இழுப்பில் தானே அறுந்துவிடும். செம்பைத் தொடாமல் நிற்கப் பிளேடுக்கு அந்தப் படலம்தான் இடம் கொடுக்கிறது.

கொஞ்சம் அதிகமாக இறங்கினால் அதே வெட்டு செம்பில் விழும். அப்புறம் ஒவ்வொரு முறை வளைக்கும்போதும் விசை கீறலின் நுனியில் குவிந்து விரிசல் உள்ளே நகரும். வெள்ளையடிக்கக் கழற்றியது, ஸ்விட்ச் மாற்றக் கழற்றியது என்று போர்டு வெளியே வரும்போதெல்லாம் வயர் வளைகிறது. கீறிய இடம் சூடாகித் தீப்பிடிக்கும் என்று சிலர் சொல்வார்கள். அப்படி இல்லை, ஒரு கீறலின் நீளத்தில் உண்டாகிற சூட்டைப் பக்கத்துச் செம்பே வாங்கிக்கொண்டு போய்விடும். ஒடிந்த பிறகுதான் வம்பு. இரண்டு முனையும் தொட்டும் விட்டும் பொறி பறக்கும், அந்தப் பொறிக்குத்தான் பயப்பட வேண்டும்.

பல புரி வயரில் கணக்கு வேறு. இன்று கடையில் வாங்குகிற 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் பெரும்பாலும் 22 புரி, ஒவ்வொன்றும் 0.3 மி.மீ. அதில் கீறல் என்ற பேச்சே இல்லை, பிளேடு பட்டால் புரி அறுந்துவிடும். மூன்று போனால் ஏழில் ஒரு பங்கு செம்பு போயிற்று. சீவிய தோலை எறியுமுன் உள்ளே எட்டிப் பாருங்கள். அறுந்த புரி அதற்குள்தான் ஒளிந்திருக்கும்.

ஸ்ட்ரிப்பர் வாங்கும்போது வயர் வைக்கிற ஓட்டைகளுக்குப் பக்கத்தில் என்ன எண் போட்டிருக்கிறது என்று பாருங்கள். பல கருவிகளில் வயரின் பருமனைச் சொல்லும் அமெரிக்க கேஜ் எண் இருக்கும். அதில் 16 என்பது 1.31 சதுர மில்லிமீட்டர், 14 என்பது 2.08. நம் 1.5 வயர் இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறது. கிட்டத்தில் இருக்கிறதே என்று 16-இல் வைத்தால் செம்பு கீறும். பெரிய ஓட்டையில் தொடங்கி, தோல் வராவிட்டால் மட்டும் அடுத்ததற்கு இறங்குங்கள். சதுர மில்லிமீட்டரில் எண் போட்ட கருவி கிடைத்தால் இந்தத் தலைவலி இல்லை.

ஸ்க்ரூ வைத்து இடைவெளி அமைக்கிற மலிவான வகை, ஒரே அளவு வயரை நாள் முழுக்கச் சீவுகிறவருக்குப் போதும். அளவு மாறும்போதெல்லாம் ஸ்க்ரூவைத் திருகப் பொறுமை வேண்டும், அது நம் ஆட்களிடம் கிடையாது. தானியங்கி வகை கையை அமுக்கியதும் ஒரு தாடையால் வயரைக் கவ்வி, மறு தாடையின் பிளேடால் வெட்டி, இரண்டையும் விலக்கித் தோலை உருவிவிடும். வேலை சுகம். ஆனால் சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் கிடந்து இளகிய பி.வி.சி. தோல் அதில் ஜவ்வு மிட்டாய் மாதிரி இழுபடும். நிழலில் ஆறவிட்டுச் சீவினால் சரி.

செட்டிநாட்டுப் பழைய வீடுகளுக்கு இது எதுவும் முழுசாகப் பொருந்தாது. தேக்குக் கேசிங்குக்குள் ஓடுகிற பழைய வயரின் உறை ரப்பர். உள்ளே வெள்ளையாகக் கம்பி தெரிந்தால் அலுமினியம் என்று நினைத்துவிடாதீர்கள், அது வெள்ளீயம் பூசிய செம்பு. ரப்பரைப் பதப்படுத்தச் சேர்த்த கந்தகம் செம்பைக் கறுக்கடித்துவிடும் என்றுதான் அந்தப் பூச்சு. அந்த ரப்பர் இப்போது முறுக்கு மாதிரி நொறுங்கும். எந்தக் கருவியால் சீவினாலும் வெட்டுக்கு அப்பாலும் விரிசல் ஓடும். என்னைக் கேட்டால், அதைச் சீவிப் புதுவயரோடு சேர்ப்பதைவிட முழுசாக மாற்றுவதே மேல்.

கருவிக்குப் பகை நான்கு: இரும்புக் கம்பி, கரண்டு, தூசி, ஈரம். கட்டுக்கம்பியை ஒரே ஒருமுறை நறுக்கினாலும் பிளேடில் பல் விழும். அந்தப் பல் பிறகு ஒவ்வொரு வயரிலும் கோடு போடும். கரண்டு ஓடும் வயரை வெட்டினால் பொறியில் பிளேடு உருகிக் குழியாகும், ஆளுக்கே ஆபத்து. 1000 வோல்ட் என்று குறியில்லாத பிளாஸ்டிக் கைப்பிடி வெறும் பிடிமானம்தான். சுண்ணாம்புச் சுவரை உடைத்த நாளில் தூசியோடு மணலும் கீலில் புகுந்து உரசும். பழைய பல்விளக்கும் பிரஷ்ஷால் தட்டி, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுத் துடைத்தால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆகப் பிசுபிசுத்துக் கீல் இறுகும். உலோகம் துருப்பிடித்து அரிபடுகிற அரிமானத்தை ஆராயவே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் தனிப் பிரிவு வைத்திருக்கிற ஊர் காரைக்குடி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் கொடுத்து வந்தது அது. அதே ஊரில் ஐப்பசி மழையில் ஈரப் பையோடு கருவியைப் போட்டுவைத்துத் துருவேற்றுகிறோம்.

பிளேடு மழுங்கினால் அரம் போடாதீர்கள், ஓட்டை பெரிதாகி அளவு போய்விடும். கருவி இன்னும் நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்க்க வயர்மேன் அண்ணன் ஒரு வழி காட்டினார். ஒற்றைக் கம்பி வயரில் ஒரு முனையைச் சீவி, தோல் முடிகிற இடத்தில் முன்னும் பின்னும் வளைத்து, எத்தனை வளைவில் ஒடிகிறது என்று எண்ண வேண்டும். இன்னொரு துண்டின் தோலைப் பிளேடால் நீளவாக்கில் மெதுவாகச் சீவி எடுத்துவிட்டு அதையும் அதேபோல் எண்ண வேண்டும். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் கருவி தேறிவிட்டது. என் பழைய ஸ்ட்ரிப்பர் சீவியது பாதி எண்ணிக்கைக்குள் ஒடிந்தது. இப்போது அது மல்லிகைக் கொடிக்குக் கயிறு நறுக்குகிறது.