பாட்டி வைத்துவிட்டுப் போன காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

போன வருடம் ஆயுத பூஜை முடிந்த மறுநாள் கடைக்கு ஒரு அம்மா வந்தார்கள். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். மடியிலிருந்து சுருக்குப் பையை எடுத்து மேஜைமேல் கவிழ்த்தார்கள். பதினோரு செப்புக் காசு, ஒவ்வொன்றும் புதுக் குத்துவிளக்கு மாதிரி மின்னியது. "மாமியார் பெட்டில இருந்துச்சு கண்ணு. ஒரே களிம்பு. ராத்திரி புளியில ஊறப்போட்டு, காலையில சாம்பல் வெச்சு நல்லாத் தேச்சுக் கொண்டாந்திருக்கேன், பாரு" என்றார்கள். அவ்வளவு ஆசையாகத் தேய்த்துக் கொண்டு வந்தவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் லென்ஸை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினொன்றில் எட்டுக் காசில் எழுத்தும் இல்லை, உருவமும் இல்லை. வழவழவென்று செம்புத் துண்டுகள், அவ்வளவுதான்.

கோவையில் பழங்காசுக் கடை வைத்து 22 வருடம் ஆகிறது. வீட்டில் கிடந்ததை எடுத்து வந்து "இது என்ன காசு, என்ன பெறும்" என்று கேட்பவர்களுக்குப் பார்த்துச் சொல்வதுதான் என் வேலையில் பாதி. அந்த 22 வருடத்தில் திருடு போன காசுகளைவிடத் தேய்த்தே போன காசுகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

காசின் மேல் படிந்திருக்கும் அந்தக் கருப்போ பச்சையோ அழுக்கு இல்லை. செம்பு பல நூறு வருடம் மண்ணோடும் காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்து உண்டாக்கிக்கொண்ட தோல் அது. கையால் அச்சடித்த காசில் எழுத்தின் மேடு ஏற்கெனவே மெல்லியது, அது புழங்கிப் புழங்கி இன்னும் தேய்ந்து, கடைசியில் பல காசுகளில் எழுத்தின் வடிவம் அந்தத் தோலில் மட்டும்தான் மிச்சம் இருக்கும். புளியில் இருக்கும் அமிலம் முதலில் கரைப்பதே அதைத்தான். அப்புறம் சாம்பலோ தேங்காய் நாரோ பாத்திரம் தேய்க்கும் பொடியோ மீதியை முடித்துவிடும். எலுமிச்சை, வினிகர், டூத் பேஸ்ட் எல்லாம் இதே கதைதான்.

அந்த அம்மாவின் சுருக்குப் பையை உதறியபோது தையலுக்குள் மாட்டிக்கொண்டிருந்த பன்னிரண்டாவது காசு ஒன்று விழுந்தது. தேய்பட்டவற்றில் பாக்கி இருந்த உருவத்தைப் பார்த்து இது ராஜராஜன் காசாக இருக்கும் என்று ஊகித்திருந்தேன். இதில் ஊகமே தேவைப்படவில்லை. நாலு கிராம் சொச்சம் எடை, கருத்த மேனி, பள்ளங்களில் பச்சை. மேஜை விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வெளிச்சத்தைத் தாழவிட்டால் ஒரு பக்கம் நிற்கிற உருவம் தெரிந்தது, தலை ஒரு புள்ளி, கை கால் எல்லாம் கோடுகள். மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் உருவம், அதன் கைக்குப் பக்கத்தில் ஒன்றின்கீழ் ஒன்றாக நாகரி எழுத்தில் ஸ்ரீ, ராஜ, ராஜ. அம்மாவிடம் லென்ஸைக் கொடுத்து விரலால் எழுத்தைக் காட்டினேன். தஞ்சைப் பெரிய கோயில் கட்டிய ராஜாவா என்று கேட்டார்கள். அவரேதான், 985 முதல் 1014 வரை ஆண்டவர். இந்த மாதிரிக் காசு இலங்கையிலும் நிறையக் கிடைக்கிறது. அதைவிட, சோழர் அங்கிருந்து போன பிறகும் பொலன்னறுவையில் ஆண்ட பராக்கிரமபாகு போன்ற சிங்கள மன்னர்களே இதே நின்ற உருவம், அமர்ந்த உருவம் அமைப்பில்தான் தங்கள் பெயரைப் போட்டுக் காசு அடித்தார்கள். எதிரியின் ஆட்சி போன பின்னும் அவன் காசின் முகம் மட்டும் புழக்கத்தில் நின்றுவிட்டது. எனக்கு இந்தத் தொழிலில் பிடித்ததே இந்த இடம்தான்.

சரி, விலை? ராஜராஜன் செப்புக் காசு அரிதே இல்லை. எழுத்துத் தெரிகிற ஒன்று சில நூறு ரூபாய் போகும், அவ்வளவுதான். ஆயிரம் வருடப் பழசு என்றால் லட்சம் பெறும் என்று நினைத்து வருபவர்களுக்கு முகம் வாடிவிடும். பழமைக்கு விலை இல்லை, அந்த வகை எத்தனை மிச்சம் இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதற்குத்தான் விலை.

நான் அந்த அம்மாவிடம் அடுத்துக் கேட்டது, இது எங்கிருந்து கிடைத்தது என்று. மாமியாரின் பிறந்த ஊர் கும்பகோணம் பக்கம், சின்ன வயதில் ஆற்றில் வெள்ளம் வடிந்த பிறகு மணலில் பொறுக்கியதாகச் சொல்வார்கள் என்றார். எந்த ஆறு, எந்த ஊர்? தெரியவில்லை. யாரும் எழுதி வைக்கவில்லை. தேய்த்ததால் போனது பாதி என்றால், எழுதி வைக்காததால் போனது மீதிப் பாதி.

இது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரே ஒரு புதையலைச் சொல்கிறேன். 1898இல் புதுக்கோட்டையில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் ரோமப் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வேண்டுமென்றே வெட்டிய தழும்பு இருந்தது. இனி இது காசாகச் செல்லாது, வெறும் தங்கம் என்று காட்ட வெட்டினார்களா, வேறு காரணமா என்று ஆய்வாளர்கள் இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்த 501 காசும் கிடைத்த அன்றே ஆளுக்குப் பத்தாகப் பிரிந்து போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒவ்வொன்றையும் "வெட்டுப்பட்ட காசு, சேதம்" என்று சொல்லித் தட்டார் பட்டறையில் உருக்கியிருப்பார்கள். சேர்ந்து இருந்ததால்தான் அது சேதம் இல்லை, ஒரு பழக்கம் என்று தெரிந்தது. எங்கள் கொங்கு நாட்டில் வெள்ளலூரிலும் கரூர் அமராவதி மணலிலும் கிடைத்த ரோமானியக் காசுகளுக்கும் இதே கணக்குத்தான். வெள்ளலூர்க் காசு என்று ஊர் பெயரோடு சொல்ல முடிவதால்தான் நொய்யல் கரை வழியாக வணிகம் நடந்தது என்று பேச முடிகிறது.

அந்தப் பன்னிரண்டில் ஒன்று மட்டும் சோழர் காசு இல்லை. பெரிய, தடித்த செப்புக் காசு. தேய்த்தும் தாக்குப்பிடித்திருந்தது, ஏனென்றால் அது இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்து சோஹோ ஆலையில் நீராவி இயந்திரத்தில் ஆழமாக அடித்தது. ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னமும் 1803 என்ற ஆண்டும், மறுபக்கம் இருபது காசு நாலு ஃபலூஸ் (பாரசீகத்தில் செப்புக் காசு) என்று பாரசீக எழுத்திலும், கீழே இருபது காசு என்று ஆங்கிலத்திலும் இருக்கும். நம்முடைய "காசு" என்கிற சொல்தான் போர்த்துக்கீசியர் வாயில் புகுந்து "கேஷ்" ஆகி, கம்பெனிக் காசிலேயே ஏறியது. மதராஸ் கணக்கு அப்போது 80 காசு ஒரு பணம் என்ற சிறு நாணயம், 42 பணம் ஒரு வராகன் என்ற தங்கக் காசு. இதே காசை 1808 என்று ஆண்டு போட்டு டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு மதராசுக்குக் கிளம்பிய அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையை விட்டுத் தாண்டுவதற்குள்ளேயே குட்வின் மணல்திட்டில் புயலில் சிக்கி மூழ்கிவிட்டது. நம் ஊர்ச் சந்தைக்கு வர வேண்டிய சில்லறை 170 வருடத்துக்கு மேல் கடலுக்கடியில் கிடந்து, 1980களில்தான் மேலே வந்தது. இன்று ஏலத்தில் வரும் 1808 காசுகளில் பல அந்தக் கப்பலில் இருந்து எடுத்தவைதான்.

இப்படி உண்மைக் கதைகளே இவ்வளவு இருக்கும்போது பொய்க் கதைக்குக் காசு கொடுத்து ஏமாறுகிறார்களே என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம். மாதத்துக்கு நாலு பேராவது 2012இல் வந்த வைஷ்ணோ தேவி படம் போட்ட 5 ரூபாய், 10 ரூபாய் நாணயத்தைக் கொண்டு வருவார்கள், யாரோ பத்து லட்சம் தருவதாக வீடியோவில் பார்த்தேன் என்று. ஒரு பையன், பனியன் கம்பெனியில் வேலை, அப்படி ஒரு ஆளுக்குப் போன் செய்து பதிவுக் கட்டணம் என்று முதலில் 1,250 ரூபாய், அப்புறம் ஜிஎஸ்டி என்று 8,000, அப்புறம் ரிசர்வ் வங்கி அனுமதிக் கடிதம் என்று இன்னும் 15,000 கட்டிவிட்டு, கடைசியில் அந்தக் கடிதத்தோடு என்னிடம் வந்து நின்றான். கடிதம் முழுக்கப் போலி. ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே தெளிவாக அறிவித்துவிட்டது, பழைய நோட்டு, நாணய விற்பனைக்குத் தாங்கள் எந்தக் கட்டணமும் கமிஷனும் வாங்குவதில்லை, யாருக்கும் அந்த அதிகாரம் கொடுக்கவும் இல்லை என்று. இதை ஒரே சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள்: உண்மையில் வாங்குகிறவன் உங்களுக்குப் பணம் தருவான், உங்களிடம் கேட்க மாட்டான்.

அடுத்தது ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ ஒரு பக்கமும், மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி அரை அணா 1616, 1717, 1818 என்றும் போட்ட காசு. அது காசே இல்லை. கம்பெனி அந்த வருடங்களில் அப்படி எதையும் வெளியிடவில்லை. கம்பெனியின் அரை அணாவே 1830களில்தான் வருகிறது. பக்திக்காகப் பிற்காலத்தில் செய்த டோக்கன், பூஜை அறையில் வைத்துக் கும்பிடுங்கள், தாராளமாக. ஆனால் அதற்கு அரிசியை இழுக்கும் சக்தி இருக்கிறது, இரிடியம் கலந்திருக்கிறது, வெளிநாட்டுக்காரன் கோடி தருவான் என்று ஒருவன் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இதில் வீட்டை விற்றவர்களை எனக்குத் தெரியும். காந்தத்தில் ஒட்டுகிறது என்று 1947 ஒரு ரூபாயைக் கொண்டு வருபவர்களும் உண்டு. அது நிக்கலில் செய்தது, நிக்கல் காந்தத்தில் ஒட்டும்.

வெள்ளி ரூபாய் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நகைக்கடையில் உருக்கப் போடுவது பெரும்பாலும் அதைத்தான். 1835 முதல் 1939 வரை அடித்த ரூபாயின் எடை 11.66 கிராம், நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. 1940இலிருந்து பாதிதான் வெள்ளி. எடை குறைந்தால், ஓரத்தில் வார்ப்பு ஒட்டின கோடு தெரிந்தால், போலி என்று சந்தேகப்படுங்கள். உருக்குவதற்கு முன் ஆண்டை ஒரு தடவை பாருங்கள். 1911 ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் மன்னர் அணிந்திருக்கும் சங்கிலியில் இருந்த யானை பன்றி மாதிரித் தெரிகிறது என்று மக்கள் கொதித்ததால் அடுத்த வருடமே அச்சை மாற்றினார்கள், அதனால் அந்த 1911 ரூபாய் வெள்ளி விலையைவிடக் கூடுதலாகப் போகும்.

அஸ்திவாரமோ கிணறோ தோண்டும்போது பானையில் காசு கிடைத்தால் மறைக்காதீர்கள். 1878 புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும், மறைத்தால் தண்டனை உண்டு. சொன்னால் எல்லாம் போய்விடும் என்ற பயம்தான் எல்லாருக்கும். அதே சட்டத்தில் அரசு எடுத்துக்கொண்டால் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தர வேண்டும் என்றும் இருக்கிறது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசை வெளிநாட்டுக்கு அனுப்புவதும் 1972 தொல்பொருள் சட்டப்படி குற்றம், வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு ஞாபகமாகக் கொடுத்து விடுவதும் சேர்த்துத்தான்.

வீட்டில் வைப்பதற்குப் பெரிய செலவு ஒன்றும் வேண்டாம். ஓரத்தைப் பிடித்து எடுங்கள். மண் அப்பியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு நிழலில் உலர்த்துங்கள், தேய்க்க வேண்டாம். மலிவான பிவிசி ஆல்பம் உறைகள் நாளானால் பிசுபிசுவென்று பச்சையாகக் கசிந்து காசைத் தின்னும், அதனால் பாலியெஸ்டர் உறையாகப் பார்த்து வாங்குங்கள். வெளிர்பச்சைப் பொடி ஒரு காசில் பூத்துக்கொண்டே இருந்தால் அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள், அது அரிப்பு நோய். ஈரம் பட்டால் காசையே தூளாக்கிவிடும்.

அந்த அம்மா தை மாதம் மறுபடியும் வந்தார்கள். அந்தப் பன்னிரண்டாவது காசை உறையில் போட்டு, உள்ளே ஒரு சீட்டு. மாமியாரின் தங்கை இன்னும் இருக்கிறாராம், எண்பத்து நாலு வயது, போய்க் கேட்டு எழுதி வாங்கி வந்திருக்கிறார்கள். பென்சிலில், பேத்தியின் கையெழுத்தில்: "பெரியாத்தா பொறுக்கியது. அரசலாறு, படித்துறைக்குக் கிழக்கே. வெள்ளம் வந்த வருஷம். அக்காவுக்கு அப்போது ஒன்பது வயது."