காற்றாலையை நிறுத்தத் தெரிந்தவர்கள்

காற்றாலையை ஓட்டுவதைவிட நிறுத்துவதுதான் கஷ்டம். பராமரிப்பு வேலையில் இருப்பவர்களுக்கு இது தெரியும். புதிதாகச் சேரும் பையன்கள் மட்டும் "அதான் பிரேக் இருக்கே சார்" என்பார்கள். அவர்களுக்கு நான் ஜில் கதையைச் சொல்வது வழக்கம்.

இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில், கிளேட்டன் ஊருக்கு மேலே குன்றின் மீது இரண்டு பழைய காற்றாலைகள் நிற்கின்றன. ஜாக், ஜில் என்பவை அவற்றின் செல்லப் பெயர்கள். ஜில் 1821இல் பிரைட்டனில் கட்டப்பட்ட, மாவு அரைக்கும் மர ஆலை. 1852இல் மாடு பூட்டி, ஆலையையே இழுத்து இங்கே கொண்டுவந்துவிட்டார்கள்! மொத்தக் கட்டடமும் ஒற்றை நடுத்தூணின் மேல் உட்கார்ந்திருக்கிறது. காற்றின் திசை மாறினால் பின்பக்கத்துச் சின்ன விசிறி சுழன்று கட்டடத்தையே திருப்பிவிடும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓய்ந்துபோன இந்த ஆலையைத் தன்னார்வலர்கள் 1978இல் கையில் எடுத்தார்கள். 1986இல் மறுபடியும் மாவு அரைத்தார்கள்.

அடுத்த வருடமே, அக்டோபர் 15 இரவு தென் இங்கிலாந்தைப் பெரும்புயல் தாக்கியது. பிரேக் போட்டு நிறுத்தியிருந்த ஜில், பிரேக் போட்டபடியே சுற்ற ஆரம்பித்தது. இறக்கைகளின் அச்சில் ஒரு பெரிய மரச்சக்கரம் இருக்கும். அதைச் சுற்றி மரக்கட்டைகள் இறுகப் பிடிப்பதுதான் பிரேக். மரமும் மரமும் உரசினால் என்ன ஆகும்? தீ பிடித்தது. அந்தப் புயலிலும் அந்தத் தன்னார்வலர்கள் குன்றின் மேலே போய்ச் சேர்ந்து ஆலையைக் காப்பாற்றினார்கள்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் 8 மடங்காகும். அதை இறுக்கிப் பிடித்து ஜெயிக்க முடியாது; வழிவிட்டு அனுப்ப வேண்டும். ஆங்கிலேயப் பொறியாளர் வில்லியம் க்யூபிட் 1807இல் காப்புரிமை வாங்கிய இறக்கை இதைத்தான் செய்கிறது. இறக்கையின் மரச்சட்டத்தில் ஜன்னல் கதவுபோல வரிசையாகச் சிறு பலகைகள். அச்சின் நடுவே ஓடும் கம்பியை உள்ளேயிருந்து இயக்கினால், ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போதே எல்லாப் பலகைகளும் திறந்து காற்று ஊடே போய்விடும். ஜில்லிலும் இந்த வகைதான். ஆனாலும் சட்டத்தின் மேல் கொஞ்சம் காற்று படத்தான் செய்யும். புயலில் அந்தக் கொஞ்சமே அதிகம். இன்றைய பெரிய காற்றாலைகளிலும் முதலில் இறக்கையின் கோணத்தைத் திருப்பித்தான் வேகத்தை இறக்குகிறோம். அதற்கு அப்புறம்தான் பிரேக்.

இன்னொன்று. மாவு அரைப்பது ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும் இரண்டு கற்கள். ஆலை வேகமெடுத்தால் மேல்கல் எழும்பும், மாவு கொரகொரப்பாகும். இதைச் சரிசெய்ய, சுழலும் இரண்டு குண்டுகள் விலக விலகக் கல்லைத் தாழ்த்தும் அமைப்பு அந்தக் கால ஆலைகளில் இருந்தது. ஜேம்ஸ் வாட் 1788இல் நீராவி எஞ்சினுக்குப் பொருத்திப் பெயர் வாங்கினாரே, வேகத்தைக் கட்டுப்படுத்தும் அந்தக் கவர்னர் கருவிக்கு மூலம் இதுதான். கல்லுக்குத் தானியம் தீரப்போனால் மணியடிக்கும் ஏற்பாடும் உண்டு. கல் வெறுமனே ஓடினால் பொறி பறக்கும். மாவுத்தூசி நிறைந்த மரக்கட்டடத்தில் பொறி என்றால் கேட்கவே வேண்டாம்.

இதையெல்லாம் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்ட முடியாது என்பது என் கருத்து. பெயின்ட் அடித்து, இறக்கையைக் கட்டிப்போட்டால் படம் பிடிக்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான். அசையாமல் நிற்கும் ஆலையில் மழைநீர் ஒரே இறக்கையின் நுனியில் இறங்கி ஊறும். ஓட்டினால்தான் எந்தப் பல் தேய்ந்திருக்கிறது, எந்தத் தாங்கி சூடாகிறது என்று தெரியும். ஓட்ட ஆள் வேண்டும். நெதர்லாந்தில் 1972இலேயே தன்னார்வ ஆலைக்காரர்களுக்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்துவிட்டார்கள். முறையான பயிற்சி, தேர்வு எல்லாம் உண்டு. 2017இல் யுனெஸ்கோ அந்நாட்டின் ஆலை ஓட்டும் கைத்தொழிலையே மரபுப் பட்டியலில் சேர்த்தது.

பழைய இயந்திரம் எதையாவது உயிர்ப்பிக்கப் போகும் குழுவினர் என்னிடம் கேட்டால், முதலில் ஓட்டும் தேதியைக் குறிக்காதீர்கள் என்பேன். கட்டுக்கு மீறி ஓடினால் யார் என்ன செய்வது என்று முதலில் எழுதி வையுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் யாருக்குப் போன் போகும், சாவி யாரிடம், தீயணைப்பான் எந்தத் தளத்தில், பக்கத்தில் குடியிருப்பவர் யார் என்று. மரச்சாமானுக்கு வார்னிஷ் அப்புறம் அடிக்கலாம்.

சசெக்ஸ் பக்கம் போகிறவர்கள் கோடைக்கால ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போங்கள். ஜில் பெரும்பாலும் திறந்திருக்கும். மாவு வாங்குவதற்கு முன்னால் பிரேக் சக்கரம் எங்கே என்று கேளுங்கள்.