துலக்காதீர்கள், முதலில் படியுங்கள்: பழைய அமெரிக்க ரயில் பேக்கேஜ் வில்லைகள்

பித்தளைச் சாமான் கறுத்திருந்தால் புளி போட்டுத் துலக்குவது நம் வீட்டுப் பழக்கம். அமெரிக்காவில் உலோகப் பழம்பொருட்களைப் பாதுகாக்கும் வேலையில் இருக்கிறேன். சந்தையில் வாங்கியதோ, மண்ணில் எடுத்ததோ, பழைய ரயில் பேக்கேஜ் வில்லையோடு (பயணிகளின் பெட்டிக்கு அடையாளமாக மாட்டிய, எண் பொறித்த பித்தளைத் தகடு) வருகிற நம்மவர்களிடம் நான் முதலில் கெஞ்சிக் கேட்பது, தயவுசெய்து துலக்காதீர்கள் என்பதைத்தான். புளியோ எலுமிச்சையோ, அமிலம் பட்டால் காலப்போக்கில் மேலே படிந்த பழுப்பு அடுக்கு கரைந்துவிடும். மண்ணில் கிடந்து துத்தநாகத்தை இழந்த இடங்கள் செம்புச் சிவப்பாகத் திட்டுத்திட்டாய்த் தெரியும். அதன்பின் எங்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

19ஆம் நூற்றாண்டில் இந்த வில்லைகள் ஜோடியாகவே இருந்தன. ஒன்றைத் தோல்வாரில் கோத்துப் பெட்டியில் மாட்டுவார்கள். அதே எண்ணுள்ள இன்னொன்று பயணியின் கைக்குப் போகும். இறங்குமிடத்தில் இரண்டையும் ஒத்துப் பார்த்துப் பெட்டியைக் கொடுப்பார்கள். ஆகவே மேலே அகலமான நீள்துளை இருந்தால் அது பெட்டியில் தொங்கியது. 'டூப்ளிகேட்' என்று பொறித்திருந்தால் பயணியிடம் இருந்தது. சிறு வட்டத் துளையும் எண்ணும் மட்டும் கொண்ட வட்ட வில்லை, பெரும்பாலும் சுரங்கத்திலோ பட்டறையிலோ கருவி வாங்கக் கொடுத்த அடையாளமாக இருக்கும். இதையும் ரயில் வில்லை என்று விற்கிறார்கள்.

காலத்தைச் சொல்வது எழுத்துகள்தான். 'யூனியன் பசிஃபிக்' என்ற ரயில் நிறுவனத்தின் பெயருக்குப் பின் 'ரயில்ரோடு' என்பதற்கான ஆர்.ஆர். இருக்கிறதா, 'ரயில்வே' என்பதற்கான ஆர்.ஒய். இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். அந்த நிறுவனம் 1880இல் ரயில்வே ஆனது. 1897 மறுசீரமைப்பில் திரும்ப ரயில்ரோடு ஆனது. ஆர்.ஒய். என்றிருந்தால் அந்தப் பதினேழு, பதினெட்டு வருடத்துச் சரக்கு. சான்டா ஃபே என்ற இன்னொரு ரயில் நிறுவனம் இதற்கு நேர்மாறு: 1895 வரை ரயில்ரோடு, பிறகு ரயில்வே. 'நியூயார்க் சென்ட்ரல் & ஹட்சன் ரிவர்' என்ற ரயில் நிறுவனத்தின் நீளப் பெயர் 1869 முதல் 1914 வரைதான். ஒற்றை எழுத்தில் இத்தனை இருக்கிறது; அதைத்தான் தேய்த்து அழிக்கிறோம். அடியில் பொடி எழுத்தில் செய்தவர் பெயரும் இருக்கலாம்: சிகாகோ வில்காக்ஸ், நியூயார்க் ஹூல் போல.

போலிகள் நிறைய. வெல்ஸ் ஃபார்கோ பெயரில் வருபவற்றை நான் சந்தேகத்தோடுதான் கையில் எடுப்பேன். அது அந்தக் காலத்தில் சரக்கு அனுப்பும் எக்ஸ்பிரஸ் நிறுவனம், ரயில் கம்பெனி அல்ல. அசலில் அச்சால் அடித்த எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கும். வார்ப்பில் எடுத்த நகலில் எழுத்து மழுங்கி, பரப்பில் ஊசிமுனைக் குழிகள் தெரியும். நீள்துளையின் மேல்விளிம்பையும் பாருங்கள். வருடக்கணக்கில் தோல்வார் இழுத்த இடம் வழவழவென்று தேய்ந்திருக்க வேண்டும். எழுத்தெல்லாம் பழசாகக் கறுத்து, அந்த விளிம்பு மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் வாங்காதீர்கள். ஒரே எண்ணுள்ள வில்லை இணையத்தில் பல இடங்களில் விலைக்கு வந்தாலும் வாங்காதீர்கள்.

மெட்டல் டிடெக்டரோடு கிளம்புகிறவர்களுக்கு: தேசியப் பூங்காக்களில் அதற்கு அனுமதி இல்லை. மற்ற கூட்டரசு நிலங்களிலும் நூறு வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருளை அனுமதியின்றித் தோண்டி எடுப்பது 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஓடுகிற தண்டவாளத்தை ஒட்டிய இடம் ரயில் கம்பெனியின் சொத்து. அங்கே கால் வைத்தாலே அத்துமீறல். தனியார் நிலமென்றால் உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

கிடைத்ததை மென்மையான தூரிகையால் தட்டி, படமெடுத்து, எடுத்த இடத்தைக் குறித்து வையுங்கள். பி.வி.சி. உறை வேண்டாம்; அதிலிருந்து கசியும் அமிலம் பித்தளையைப் பச்சை பிடிக்க வைக்கும். மைலார் (பாலியஸ்டர் படலம்) உறை போதும்.