கருப்பை ஆபரேஷனுக்குப் பின் சிறுநீர் நிற்காமல் கசிந்தால்

கருப்பையை எடுத்து ஒரு வாரமோ பத்து நாளோ ஆகியிருக்கும். தையல் ஆறி வருகிற நேரத்தில் உள்பாவாடை நனையத் தொடங்கும். உட்கார்ந்தாலும் நனையும், அசையாமல் படுத்திருந்தாலும் நனையும். 'வெள்ளைப்படுதல்தான், போகப்போகச் சரியாயிடும்' என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அதை நம்பி மாதக்கணக்கில் துணி மாற்றிக்கொண்டு வீட்டோடு முடங்கிப்போகிற பெண்கள் டெல்டா கிராமங்களில் இன்றும் இருக்கிறார்கள். இது ஃபிஸ்டுலாவாக இருக்கலாம். சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே விழுந்த துளை அது. அதை அடைக்க முடியும்.

இருமினால், குனிந்தால் மட்டும் சொட்டுவது வேறு. அவசரமாக வந்து, கழிவறை போவதற்குள் ஒழுகிவிடுவதும் வேறு. ஃபிஸ்டுலாவில் இரவும் பகலும் விடாமல் கசியும், சிறுநீர் வாடை இருக்கும். துளை பெரிதென்றால் சிறுநீர்ப்பை நிரம்பவே நிரம்பாது, சிறுநீர் கழிக்கும் உணர்வே வராது. துளை சிறிதென்றால் வழக்கம்போல் சிறுநீரும் போகும், கசிவும் இருக்கும். ஏமாந்துபோவது பெரும்பாலும் இங்கேதான்.

பிரசவ வலி நீண்டு, குழந்தையின் தலை சிறுநீர்ப்பையை இடுப்பெலும்போடு அழுத்தி, ரத்த ஓட்டம் நின்ற சதை செத்து உதிர்ந்து துளை விழுவது பழைய வகை. பிரசவங்கள் ஏறக்குறைய எல்லாமே மருத்துவமனையில் நடக்கும் தமிழ்நாட்டில் அது அரிதாகிவிட்டது. இப்போது வருவதில் பெரும்பகுதி கருப்பை நீக்கத்துக்குப் பிறகு. ஏற்கெனவே சிசேரியன் ஆனவர்களுக்குப் பை கருப்பையோடு ஒட்டியிருக்கும்; பிரிக்கும்போது பையின் சுவர் தையலில் மாட்டிக்கொள்ளலாம், மின்கருவியின் சூடு படலாம். அந்தச் சதை உடனே விடாது, மெல்லச் செத்து 7 முதல் 14 நாளில் விட்டுப்போகும். கருப்பை வாய்ப் புற்றுக்குக் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்தவர்களுக்குப் பல மாதம், பல வருடம் கழித்தும் வரும். அடி இறக்கத்துக்கு (கருப்பை கீழே இறங்குவதற்கு) உள்ளே வைத்த வளையத்தை மறந்தே போன வயதான அம்மாக்களுக்கும் அது அரித்துத் துளையாக்குவதுண்டு. அந்த வளையத்தை 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்த்தாக வேண்டும்.

கசிவது சிறுநீர்தானா என்பதில் சந்தேகம் இருந்தால், அந்த நீரைச் சேகரித்து கிரியேட்டினின் அளவு பார்த்தால் போதும். ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு காட்டும். அடுத்து மூன்று பஞ்சுச் சோதனை. பிறப்புறுப்புக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பஞ்சு வைத்து, டியூப் வழியாகப் பைக்குள் நீல மருந்து கலந்த சலைன் 200 முதல் 300 மி.லி. ஏற்றி, 10, 15 நிமிடம் நடக்கச் சொல்வார்கள். மேல் பஞ்சோ நடுப் பஞ்சோ நீலமானால் துளை பையில். கீழ்ப் பஞ்சு மட்டும் நீலமானால் சிறுநீர்த் துவாரம் வழியாக வழிந்தது. மேல் பஞ்சு நனைந்தும் நீலம் ஏறவில்லை என்றால், கிட்னியிலிருந்து பைக்கு வரும் குழாயில் காயம் என்று சந்தேகிக்க வேண்டும்.

இந்தக் கடைசி வகைதான் அவசரம். விலாவில் வலி, காய்ச்சல், வயிறு உப்புசம் வரலாம். எதுவுமே இல்லாமல் கிட்னி வீங்கிக் கெட்டும் போகலாம். பையில் துளை இருக்கிற சிலருக்கு இந்தக் குழாயிலும் காயம் சேர்ந்தே இருக்கும். அதனால் பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பதோடு நிறுத்தாமல் சிறுநீர்க் குழாய்களைக் காட்டும் சிடி யூரோகிராம் ஸ்கேனும் எடுக்க வேண்டும். தையல் போட மாதக்கணக்கில் காத்திருக்கலாம், பரிசோதனைக்கு ஒரு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

துளை சில மில்லிமீட்டர்தான், புதிது என்றால் டியூப் போட்டுப் பையை 3, 4 வாரம் காலியாகவே வைத்திருந்தால் சிலருக்குத் தானே மூடிக்கொள்ளும். மூடாவிட்டால் ஆபரேஷன். ஆரம்ப நாட்களிலேயே கண்டுபிடித்தால் உடனே தைப்பதுண்டு. அது தவறினால் புண் வீங்கிக் குழைந்திருக்கும், தையல் நிற்காது. ஏறத்தாழ 3 மாதம் பொறுக்க வேண்டும். கரண்ட் வைத்தவர்களுக்கு 6 முதல் 12 மாதம், அதற்கு முன் புற்று திரும்பவில்லை என்று சதைப் பரிசோதனையில் உறுதி செய்தாக வேண்டும். பையைத் தனியாக, பிறப்புறுப்பைத் தனியாக, இழுவை இல்லாமல், ஒரு தையல்மேல் இன்னொன்று விழாமல் தைப்பார்கள்; தேவைப்பட்டால் நடுவே கொழுப்புத் திசுவைக் கொண்டுவந்து வைப்பார்கள். முதல் ஆபரேஷனில்தான் வெற்றி வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு தோல்விக்கும் தழும்பு கூடி அடுத்தது கடினமாகும். அதனால் அவசரப்பட்டு எங்கேயோ தைத்துக்கொள்ளாமல், சிறுநீரக அறுவை சிகிச்சை (யூராலஜி) பிரிவு உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போகச் சொல்கிறோம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். பழைய டிஸ்சார்ஜ் தாளை மறக்கவே கூடாது.

வேதாரண்யத்திலிருந்தோ முத்துப்பேட்டையிலிருந்தோ தஞ்சாவூருக்குப் பஸ் ஏறுகிறவர்கள், வழியில் நனைந்துவிடுமே என்று முந்தின ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. குடிக்காமல் இருந்தாலும் கசிவு நிற்காது. சிறுநீர் கெட்டியாகித் தொடை எரியும், உப்புப் படியும், கல் சேரும். நாளுக்கு இரண்டரை, மூன்று லிட்டர் குடியுங்கள். வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, வாசலினோ ஜிங்க் ஆக்சைடு களிம்போ தடவுங்கள். ரத்தசோகை இருந்தால் காத்திருக்கும் மாதங்களிலேயே சரிசெய்துகொள்ளலாம்.

தைத்த பிறகு எல்லாம் டியூப் கையில்தான் இருக்கிறது. எளிய துளைக்கு 7 முதல் 10 நாள், சிக்கலானதற்கு 14 நாளோ அதற்கு மேலோ இருக்கும். டியூப் மடங்கினாலோ அடைத்தாலோ சிறுநீர்ப்பை உப்பித் தையல் பிரிந்துவிடும். டியூபில் மாட்டிய பிளாஸ்டிக் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கட்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கவில்லை, அடிவயிறு கனக்கிறது என்றால் நடுராத்திரி ஆனாலும் நர்ஸைக் கூப்பிடுங்கள்.

மூன்று மாதம் தாம்பத்தியம் வேண்டாம், கனம் தூக்க வேண்டாம், குனிந்து செய்யும் வேலையும் வேண்டாம். ஜூனில் ஆபரேஷன் ஆனால் குறுவை நடவுக் கூலி போய்விடும். சம்பா, தாளடி நடவுக்கு இறங்கலாம். இதைக் கணவரிடமும் மாமியாரிடமும் டாக்டரே நேரில் சொல்லிவிடுவது நல்லது, அந்தப் பெண் சொல்லி எடுபடாத வீடுகள் நிறைய. கருப்பை இருப்பவர்கள் அடுத்து கருத்தரித்தால் முதல் பரிசோதனையிலேயே கிராம செவிலியரிடம் ஆபரேஷன் தாளைக் காட்ட வேண்டும். பிரசவம் நாள் குறித்த சிசேரியனாக, பெரிய மருத்துவமனையில் நடக்கட்டும்.