சிவப்பு எழுத்தில் ஒரு எம்டிஏ

"டாக்டர், இதுக்கு என்ன மாத்திரை?" என்று ஒருவர் ரிப்போர்ட்டை நீட்டினார். பத்து வருடச் சர்க்கரை நோயாளி. தலைப்பு 'ஆக்சிஜனேற்ற அழுத்தப் பரிசோதனை'. எம்டிஏ என்ற வரிக்கு நேரே சிவப்பில் 'அதிகம்'. சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி எவ்வளவு என்று கேட்டேன். "அது எட்டரை. எப்பவும் இருக்கிறதுதானே" என்றார்.

எம்டிஏ வெறும் கதை இல்லை. ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா சூப்பர்ஆக்சைடு என்ற வீரிய மூலக்கூறை அதிகமாக வெளியிடுகிறது. இப்படி வீரிய மூலக்கூறுகள் மிஞ்சிப்போவதுதான் ஆக்சிஜனேற்ற அழுத்தம். அங்கிருந்து தொடங்கும் தொடர்வினையில் செல் சவ்வின் கொழுப்பு சிதைகிறது. அந்தச் சிதைவில் மிஞ்சும் துணுக்குகளில் ஒன்றுதான் மாலோன்டைஆல்டிஹைடு, சுருக்கமாக எம்டிஏ. சர்க்கரை நோயாளிகளைக் குழுவாக எடுத்துப் பார்த்தால் சராசரி கூடுதலாகவே வருகிறது.

சிக்கல் ஆய்வகத்தில்தான். பிளாஸ்மாவில் அமிலமும் தயோபார்பிட்யூரிக் அமிலமும் சேர்த்துக் கொதிநீரில் வைப்போம். இளஞ்சிவப்பு நிறம் வரும். அதை 532 நானோமீட்டரில் அளப்போம். ஆனால் அந்தச் சூட்டிலேயே கொழுப்பு சிதைந்து புதிதாக எம்டிஏ உண்டாகும். வேறு சில ஆல்டிஹைடுகளும் அதே நிறம் தரும். ஊசி குத்தும்போது சிவப்பணு உடைந்திருந்தாலும், மாதிரி போதிய குளிரில் வைக்கப்படாமல் கிடந்தாலும் அளவு எகிறும். எல்லா ஆய்வகங்களும் ஒப்புக்கொண்ட இயல்பளவு என்று ஒன்றும் கிடையாது. அப்புறம் அந்தச் சிவப்பு எழுத்தை எதை வைத்துப் போடுகிறார்கள்?

இதே வகைப் பரிசோதனைகளில் வரும் 'மொத்த ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறன்' இன்னும் வேடிக்கை. அந்த எண்ணில் பெரும்பங்கு யூரிக் அமிலத்துடையது. சிறுநீரகம் சுணங்கி யூரிக் அமிலம் தேங்கினால், ரிப்போர்ட் 'நன்று' என்று சொல்லும்!

மாத்திரைக்கு வருவோம். 2000-இல் வெளியான ஹோப் ஆய்வில் 9,500-க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள், சர்க்கரை நோயாளிகள் உட்பட. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் வைட்டமின் ஈ தினம் 400 யூனிட், சராசரியாக நாலரை ஆண்டு. மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை.

ஆராய்ச்சிக்கு இந்த அளவீடுகள் வேண்டும், நானும் செய்கிறேன். ஒருவருக்கு மருந்து எழுத இவை போதாது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால், ஹெச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கைச் சொல்லிவிடும். அவருக்கு எட்டரை என்பதுதான் சிவப்பில் வந்திருக்க வேண்டிய எண்.

"சிறுநீரில் ஆல்புமின் பார்த்தீங்களா?" என்றேன். சிறுநீரகப் பாதிப்பைக் காட்டிக்கொடுக்கும் புரதம் அது. பர்ஸிலிருந்து நாலாக மடித்த சீட்டு ஒன்றை எடுத்தார். எழுதிக் கொடுத்து ஏழு மாதம் ஆகியிருந்தது.