இன்ஜின் தட்டுகிறதா, சென்சார் தவறாகச் சொல்கிறதா?

வியாசர்பாடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "டர்போ பெட்ரோல் கார். எத்தனால் அதிகம் சேர்த்து ஓட்டுவதற்காக ரீமேப் செய்தோம். 3500 ஆர்பிஎம் தாண்டினால் லேப்டாப்பில் நாக்கிங் காட்டுகிறது. காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. எதை நம்புவது?"

நல்ல கேள்வி. (ரீமேப் என்பது இன்ஜினை நடத்தும் கணினியின் அமைப்புகளை மாற்றி எழுதுவது.) காது, லேப்டாப் இரண்டுமே ஏமாறும். எது எப்போது ஏமாறும் என்று தெரிந்துகொண்டால் உண்மையைப் பிடித்துவிடலாம்.

அடிப்படை உங்களுக்குத் தெரிந்ததுதான். பிளக் பொறி விட்டதும் தீ அங்கிருந்து பரவத் தொடங்குகிறது. அது சுவரை எட்டும் முன்பே, ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகவே ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டால் அதுதான் நாக்கிங். டர்போ காற்றை அழுத்தி அனுப்புவதால் இந்த ஆபத்து கூடும். எத்தனால் அதைக் குறைக்கும். ஒரு கிலோ பெட்ரோல் ஆவியாவதற்கு ஏறத்தாழ 350 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சும். எத்தனால் 850க்குப் பக்கத்தில் உறிஞ்சும். அதோடு, 1 கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதாவது அதே காற்றுக்கு எத்தனாலை ஒன்றரை மடங்குக்கு மேல் ஊற்றுகிறோம். இரண்டையும் பெருக்கினால் உள்ளே கிடைக்கும் குளிர்ச்சி ஏறத்தாழ நான்கு மடங்கு. ஆக்டேன், அதாவது நாக்கிங்கைத் தாங்கும் திறன், உயர்வாக இருப்பது தனி லாபம்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். ஓரக் கலவை ஒரே நொடிப்பொழுதில் வெடித்ததும், சிலிண்டருக்குள் இருக்கும் வாயு முழுவதும் அதிரத் தொடங்குகிறது. ஒரு பக்கச் சுவரில் அழுத்தம் ஏறும்போது எதிர்ச் சுவரில் இறங்குகிறது. அடுத்த கணம் தலைகீழாகிறது. இப்படி வாயு குறுக்கே போய்வந்து அடிக்கும்போது அதற்கென்று ஒரு சுருதி பிறக்கிறது. அந்தச் சுருதியைத் தீர்மானிப்பவை இரண்டே: வாயுவில் ஒலி போகும் வேகமும் சிலிண்டரின் விட்டமும். சாவு மேளத்தில் சின்னச் சட்டி கீச்சென்றும் பெரிய மேளம் கனத்தும் ஒலிப்பது போலத்தான் இதுவும். எரிந்த வாயு 2000 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிப்பதால், ஒலி அதில் நொடிக்குச் சுமார் 950 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நம்மைச் சுற்றியுள்ள காற்றில் இந்த வேகம் 350தான்.

1930களில் அமெரிக்காவின் எம்ஐடியில் சார்லஸ் ஸ்டார்க் டிரேப்பர் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார். 1.841 என்ற எண்ணை ஒலி வேகத்தால் பெருக்கி, பையாலும் சிலிண்டர் விட்டத்தாலும் வகுக்க வேண்டும். அந்த 1.841 யாரும் குத்துமதிப்பாக வைத்ததல்ல. வட்டமான அறைக்குள் அலை எப்படி நிற்கும் என்று சொல்லும் பெசல் சார்பிலிருந்து வருகிறது. திருவொற்றியூரில் செய்த பழைய புல்லட் 350ஐ எடுத்துக்கொள்ளுங்கள். விட்டம் 70 மில்லிமீட்டர், விடை ஏறத்தாழ 8000 ஹெர்ட்ஸ். விட்டம் 75 என்றால் 7400. 86 என்றால் 6500. இன்ஜினைத் திறக்காமலே, ஒரு ஸ்கேலும் ஒரு சூத்திரமும் கொண்டு, அது எந்தச் சுருதியில் தட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்! பின்னாளில் நிலவுக்குப் போன அப்போலோ கலங்களுக்கு வழிகாட்டும் கணினி இதே டிரேப்பரின் ஆய்வகத்தில்தான் உருவானது. அந்த மனிதரின் கவனம் ஒரு பெட்ரோல் இன்ஜினின் தட்டலில் இருந்திருக்கிறது என்பதை நினைக்க எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

இன்ஜின் பிளாக்கில் ஒரே போல்ட்டில் உட்கார்ந்திருக்கும் நாக் சென்சார் இந்தச் சுருதியைத்தான் தேடுகிறது. உள்ளே இருப்பது ஒரு பீங்கான் வளையம். அதிர்ந்தால் மின்னழுத்தம் தரும். ஆனால் வால்வு மூடினாலும், இன்ஜெக்டர் திறந்தாலும், பிஸ்டன் சுவரில் உரசினாலும் பிளாக் அதிரும். அதனால் இசியூ (இன்ஜினை நடத்தும் கணினி) எல்லா நேரமும் காது கொடுப்பதில்லை. பிஸ்டன் உச்சிக்கு வந்து இறங்கத் தொடங்கியபின், கிராங்க் சுமார் 60 டிகிரி சுழலும் வரைதான் கேட்கும். 3500 ஆர்பிஎம்மில் அது 3 மில்லிநொடிகூட இல்லை. அந்த இடைவெளிக்குள், குறிப்பிட்ட சுருதிப் பட்டையில், வழக்கமான இரைச்சலை விட எவ்வளவு கூடுதல் என்று பார்த்துத்தான் முடிவு செய்கிறது.

சரி, இது எங்கே தவறும்? சென்சார் போல்ட்டை மனம்போல முறுக்கியிருந்தால் தவறும்; பெரும்பாலும் 20 நியூட்டன் மீட்டர் என்று கணக்கு உண்டு. ஃபோர்ஜ்டு பிஸ்டன் (அடித்து வார்த்தெடுக்காமல் அழுத்தி உருவாக்கிய வலுவான பிஸ்டன்) போட்டிருந்தால் அதற்கு இடைவெளி அதிகம், அது சுவரில் அடிக்கும் சத்தம் நாக்கிங் போலப் பதிவாகும். லூசான ஒரு பிராக்கெட் போதும். காதின் கதை வேறு. 7000 ஹெர்ட்ஸ் மெல்லிய ஒலி. முழு பூஸ்ட்டில் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தத்தில்) டயர், காற்று, சைலன்சர் இரைச்சலில் அது கேபினுக்குள் கேட்காமலே போகலாம்.

பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. அதே கியர், அதே ஆர்பிஎம், அதே பூஸ்ட். இக்னிஷன் டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, மட்டும் 2 அல்லது 3 டிகிரி பின்தள்ளுங்கள். உண்மையான நாக்கிங் சட்டென்று குறையும். பிராக்கெட்டுக்கு டைமிங் தெரியாது. அது அப்படியே ஆடும். இதை டைனோவில் (வண்டியை நிறுத்திவைத்து ஓட்டி இழுவையை அளக்கும் கருவியில்) செய்யுங்கள். கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் எண்ணூர் விரைவுச் சாலையில் வேண்டவே வேண்டாம்.

உண்மையான நாக்கிங் என்று தெரிந்தால் டைமிங்கை மட்டும் குறை சொல்லாதீர்கள், டேங்க்கையும் பாருங்கள். எத்தனால் நிறைய இருக்கும் என்று நம்பி மேப் போட்டிருப்பார்கள். டேங்க்கில் பாதிக்கு மேல் பங்க்கில் கிடைக்கும் சாதாரண இ20 (20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்) இருக்கும். புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் லாம்ப்டா சென்சாரை வைத்து இசியூ கலவையைத் திருத்திவிடும், அதனால் திரையில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். ஆனால் அந்தத் திருத்தம் டைமிங்கைத் தொடாது. எத்தனால் அளவைக் காட்டும் சென்சார் வைத்திருந்தால் நல்லது; மின்னூட்டத்தைத் தேக்க உதவும் திறனைக் காட்டும் மின்காப்பு மாறிலி பெட்ரோலுக்கு 2, எத்தனாலுக்கு 24 அளவில் இருப்பதை வைத்து அது விகிதத்தைக் கணிக்கிறது. தண்ணீருக்கு அது 80. டேங்க்கில் தண்ணீர் புகுந்தால் கணிப்பு குழம்பும். வியாசர்பாடியில் மழைநீரில் வண்டி நிற்பது புதிதல்ல. இ20யில் தண்ணீர் ஒரு அளவைத் தாண்டினால் எத்தனால் அதோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும். மேலே மிஞ்சும் பெட்ரோலின் ஆக்டேன் இறங்கும். அப்புறம் கத்திரி வெயில். உள்ளே போகும் காற்று சூடானால் தட்டல் கூடும். கடலோர ஈரப்பதம் மட்டும் கொஞ்சம் நம் பக்கம்: காற்றிலுள்ள நீராவி நாக்கிங்கைச் சற்றே தணிக்கும்.

டேங்க்கில் பாச்சை உருண்டை போட்டால் பவர் ஏறும் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். தயவுசெய்து போடாதீர்கள். கரைந்தது குளிர்ந்ததும் திரும்பப் படிந்து எரிபொருள் பாதையை அடைக்கும். இது போன்ற நம்பிக்கைகள் பிழைத்திருப்பதற்கு மெக்கானிக்குகளைக் குறை சொல்ல மாட்டேன். அளந்து பார்க்கக் கருவி இல்லாத இடத்தில் நம்பிக்கைதான் மிஞ்சும். 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் (இன்றைய அசோக் லேலண்ட்) எண்ணூரில் ஆலை வைத்த காலத்திலிருந்து வண்டி கட்டிய பகுதி இது. சோழவரத்தில் கார், பைக் பந்தயம் பார்த்து வளர்ந்தவர்கள் இங்கே நிறையப் பேர். வடசென்னையின் ஒவ்வொரு ஐடிஐயிலும் ஒரு டைனோவும் சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் ஒரு சென்சாரும் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆராய்ச்சிப் பணம் பெரிய வளாகங்களோடு நின்றுவிடக் கூடாது.

எத்தனாலுக்கே உரிய ஒரு எச்சரிக்கை பாக்கி. பெட்ரோல் டர்போவில் டைமிங்கை ஏற்றிக்கொண்டே போனால் இழுவை உச்சத்தைத் தொடும் முன்பே நாக்கிங் வந்து தடுத்துவிடும். எத்தனால் அதிகமானால் இழுவை முதலில் உச்சத்தைத் தொட்டுவிடும். தட்டல் இன்னும் வந்திருக்காது. "இன்னும் தட்டவில்லையே" என்று ஏற்றினால் இழுவை கூடாது, பிஸ்டன்மேல் அழுத்தம் மட்டும் கூடும். டைனோவில் டார்க் (இழுவை) கோடு ஏறாமல் படுத்ததும் நிறுத்துங்கள். இன்னொன்று, சூடேறிய பிளக் முனையிலேயே எத்தனால் பொறிக்கு முன்பாகப் பற்றிக்கொள்ளலாம். டைமிங்கைப் பின்தள்ளினாலும் அது அடங்காது, பிளாக்கில் சத்தமும் பெரிதாகத் தராமல் பிஸ்டனை ஓட்டை போட்டுவிடும். அதனால்தான் இப்படிப்பட்ட வண்டிகளுக்கு ஒரு படி குளிர்ந்த பிளக் போடுகிறார்கள். முழு பூஸ்ட்டில் டைமிங்கைக் குறைத்தும் சிக்னல் அசையவில்லை, இழுவையும் விழுகிறது என்றால் உடனே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். இன்ஜின் ஆறியதும் பிளக்குகளைக் கழற்றி வெள்ளைப் பீங்கானை லென்ஸில் பாருங்கள். பளபளக்கும் சிறு துகள்கள் ஒட்டியிருந்தால் அது பிஸ்டனிலிருந்து உருகி வந்த அலுமினியம். அதற்குமேல் அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் ஹெட்டைக் கழற்றுவதுதான் வழி.